வட்டாரம் முப்பத்தொன்று

கோட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் எத்தனை பேர்
அந்தப் பக்கம் எத்தனை பேர் என்று
எடுத்துக் கொடுப்பது என் வேலை.
மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆபீசின் பின்கட்டு,
நாள் கூலி நூற்றிருபது,
டீ தனி.

கையில் இருப்பது 2001ன் கணக்கு.
மார்ச் ஒன்று பிறந்த நள்ளிரவில்
யார் எந்தக் கூரைக்குக் கீழே படுத்திருந்தார்களோ
அந்தக் கூரையோடு சேர்த்துப் பதிந்தது.
வட்டாரங்கள் அரிசி மூட்டை மாதிரி.
முழுசாகத் தூக்கி
இந்தத் தொகுதியிலோ அடுத்த தொகுதியிலோ இறக்கிவிடலாம்.
முப்பத்தொன்று மட்டும்
கோட்டில் மாட்டிக் கிழிந்தது.

நரிமேட்டுக்குப்பம்.
வீடு 143. ஆட்கள் 702.

விதி எளியது.
நிலம் எப்படிப் பிரிகிறதோ
ஆட்களும் அப்படியே பிரிவார்கள்.
வடக்கே அறுபத்திரண்டு சதவீதம்,
தெற்கே முப்பத்தெட்டு.
கணிப்பொறி வடக்கே வைத்தது
நானூற்று முப்பத்தைந்து பேரையும்
இன்னொருவரில் ஏறக்குறையக் காலையும்.
"முழுசாக்கும்மா. மிச்சத்தைத் தெற்கே தள்ளு"
என்றார் மாயகிருஷ்ணன் சார்
விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பியபடி.
தள்ளினேன்.
யாருடைய கால் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன்.
வடக்கே இருந்த அறுபத்திரண்டும்
உப்பங்கழி.
நானூற்று முப்பத்தைந்து பேருக்கும் சேர்த்து
ஒரு கொக்கு நின்றது.

தெற்கிலும் ஆளில்லை.
சவுக்குக் கன்றுகள், முள்வேலி,
வாய்வரை புதைந்த ஆட்டுக்கல்,
ஒரு வாசற்படி.
ஏறினால் அந்தப் பக்கமும் மணல்.

ஊர், ரோட்டுக்கு மேற்கே இருந்தது.
வரிசையாகக் கான்கிரீட் வீடுகள்,
எல்லாக் கதவுக்கும் ஒரே பச்சை.
அது மூன்றாவது தொகுதி.
என் தாளில் அந்த இடம்
முந்திரித் தோப்பு, மக்கள்தொகை பூஜ்யம்.

மொட்டைமாடியில் நெத்திலி காயப்போட்டிருந்த
அஞ்சலாட்சி
படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதுல கடல் எது?"
காட்டினேன்.
"நாங்க?"
விரல் கொஞ்ச தூரம் போய்
எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றது.
"சுனாமிக்கு முந்தின கணக்கா, பிந்தினதா?"
முந்தினது.
"அப்ப நூத்தி நாப்பத்திமூணு சரிதான்.
இங்க ஏறி வந்தது நூத்தி நாப்பத்தொண்ணு.
ரெண்டு வீட்டுச் சாவிய வாங்க ஆளில்ல."
மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டார்,
"அந்த ரெண்டையும் எந்தப் பக்கம் போட்டே?"

நானும் ஒரு கை மீன் புரட்டினேன்.
வெயில் இருந்தது,
பேசாமல் இருக்க அது போதுமானதாக இருந்தது.

எட்டாம் வகுப்பில் சொல்லைப் பிரித்து எழுதச் சொல்வார்கள்.
பகுதி, விகுதி, நடுவில் இடைநிலை.
இருந்தார்களா இருக்கிறார்களா என்று
காலம் காட்டுவது அந்த நடுத்துண்டுதான்.
எழுநூற்று இரண்டைப்
பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து
பிரித்துப் பிரித்துப் பார்த்தேன்.
அதில் இடைநிலை இல்லை.

திங்கட்கிழமை அட்டவணைக்குக் கீழே
நட்சத்திரக் குறி போட்டு இரண்டு வரி எழுதினேன்.
சார் கோபப்படவில்லை.
"இந்தப் படிவத்துல அடிக்குறிப்புக்கு இடம் கிடையாதும்மா.
மொத்தம் ஒத்துவருதா?"
வருது சார்.
435ம் 267ம் 702.
அவரே ரப்பரை எடுத்துக் கொடுத்தார்,
புது ரப்பர், வாசனை போகாதது.

வரைபடம் அச்சாகி வந்தது.
உப்பங்கழியின் நீலத்தில்
கறுப்பு எழுத்து எடுபடவில்லையாம்.
அச்சகத்தில் அவர்களாகவே
எண்ணை வெள்ளையாக்கியிருந்தார்கள்.
முகத்துவாரத்துக்குச் சற்று மேலே
மிதக்கிறது 435.